யாரும் கேட்காத கணக்கு

பாலிகஞ்சில் ஹாஸ்ரா சாலையோடு நடந்தால் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் சட்டத் துறை வளாகம் வரும். ஊரில் எல்லோருக்கும் அது ‘ஹாஸ்ரா லா காலேஜ்’. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இன்று கறுப்பு அங்கியோடு நிற்கும் எத்தனையோ பேர் இந்தப் படிகளில் ஏறி இறங்கியவர்கள். இங்கே படிக்கிற ஒவ்வொருவரும் தேறியாக வேண்டிய தாள் ஒன்று உண்டு. அதன் பெயர், ‘தொழில் நெறியும் தொழில்சார் கணக்கு முறையும்’. இந்திய பார் கவுன்சில் 2008-ல் வகுத்த சட்டக் கல்வி விதிகளின்படி நாடு முழுவதும் இது கட்டாயம். சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே தாள்தான். பார் கவுன்சில் ஒழுங்குக் குழுக்கள் கொடுத்த 50 முடிவுகளையும் உச்ச நீதிமன்றத்தின் 10 முக்கியமான தீர்ப்புகளையும் படிக்க வேண்டும் என்கிறது பாடத்திட்டம்.

அந்தப் பெயரில் முதல் பாதியை மேடைக்கு மேடை பேசுகிறோம். இரண்டாம் பாதியை, அதாவது கணக்கு முறையை, யாரும் பேசுவதில்லை. வழக்கறிஞர் தொழிலில் நடக்கும் தவறுகளை நெடுநாளாகக் கவனித்து வருகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த இரண்டாம் பாதிதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு இந்தக் கல்கத்தாவிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. நாடாளுமன்றம் வரை போன வழக்கு.

உலைச் செங்கல் விற்ற பணம்

தமிழ்நாட்டு ஊர்களில் பாகப்பிரிவினை வழக்கோ கோயில் வழக்கோ பார்த்தவர்களுக்கு ‘ரிசீவர் போட்டாச்சு’ என்ற பேச்சு பழக்கமானது. இரண்டு தரப்பும் ஒரு சொத்துக்கு மல்லுக்கு நிற்கும்போது, வழக்கு முடியும்வரை அதைக் காப்பாற்றிவைக்க நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். அவர்தான் ரிசீவர். பெரும்பாலும் ஒரு வழக்கறிஞர். வாதிக்கும் அவர் ஆள் இல்லை, பிரதிவாதிக்கும் ஆள் இல்லை. நீதிமன்றத்தின் கை அவர். அவரிடம் இருக்கும் பணம் நீதிமன்றத்திடம் இருக்கும் பணம்.

ஸ்டீல் அதாரிட்டி ஆஃப் இந்தியா என்கிற ‘செயில்’ நிறுவனத்துக்கும் ஷிப்பிங் கார்ப்பரேஷனுக்கும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1983-ஆம் வருடத்தின் 8-ஆம் எண் வழக்கு. எஃகு உலைகளுக்குள் பதிக்கிற தீச்செங்கல் சரக்கு பற்றிய தகராறு. இரண்டுமே அரசு நிறுவனங்கள். 1984 ஏப்ரல் 30 அன்று சௌமித்ர சென் என்ற இளம் வழக்கறிஞரை நீதிமன்றம் ரிசீவராக நியமித்தது. சரக்கை விற்கும்படி 1987 ஜனவரியில் உத்தரவு வந்தது. விற்ற பணத்தில் 5 சதவீதத்தைத் தன் ஊதியமாக அவர் எடுத்துக்கொள்ளலாம். மிச்சத்தைத் தனியாக ஒரு வங்கிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

1993-லிருந்து 1995 வரை தவணை தவணையாகப் பணம் வந்தது. மொத்தம் 33 லட்சத்து 22 ஆயிரத்து 800 ரூபாய். தொண்ணூறுகளின் நடுவில் அது என்ன பணம் என்பதை அந்த வயதுக்காரர்கள் அறிவார்கள். உத்தரவு சொன்னபடி ஒரே கணக்கில் அது கிடக்கவில்லை. இரண்டு வங்கிகளில் விழுந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. ரிசீவர் அவ்வப்போது நீதிமன்றத்தில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது விதி. தாக்கல் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டுப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து ஒரு ஓலைகூடப் போனதாகத் தெரியவில்லை.

செயில் தரப்பு 2002 வாக்கில்தான் விழித்துக்கொண்டது. பணம் எங்கே, எவ்வளவு வட்டி சேர்ந்திருக்கிறது என்று கேட்டுக் கடிதம் போனது. பதில் இல்லாததால் 2003 பிப்ரவரியில் நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். அந்த மனு கிடப்பில் இருக்கும்போதே, அதே வருடம் டிசம்பரில், சௌமித்ர சென் அதே உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஆனார்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசந்துவிடுகிறது. ஒருவரை நீதிபதி ஆக்கும்முன் எத்தனை மேசைகளைக் கோப்பு தாண்ட வேண்டும்! அதில் ஒரு மேசையில்கூட, ‘இவர் கையில் நீதிமன்றப் பணம் ஏதாவது பாக்கி இருக்கிறதா?’ என்ற கேள்வி இல்லை. கேட்டிருந்தால் விடை அடுத்த மாடியிலேயே கிடைத்திருக்கும்.

2006 ஏப்ரலில் தனி நீதிபதி, வட்டியோடு 52 லட்சத்து 46 ஆயிரத்து 454 ரூபாய் கட்டச் சொன்னார். அந்த வருடமே பணம் கட்டப்பட்டது. 2007-ல் இரு நீதிபதிகள் அமர்வு, அவர்மேல் சொல்லப்பட்ட கண்டன வார்த்தைகளை நீக்கியது. ஆனால் விஷயம் அதோடு அடங்கவில்லை. அன்றைய இந்தியத் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் மூன்று நீதிபதிகளைக் கொண்டு உள்விசாரணை நடத்தி, பதவி நீக்கம் தேவை என்று 2008 ஆகஸ்டில் பிரதமருக்கு எழுதினார். 2009-ல் மாநிலங்களவை உறுப்பினர்கள் தீர்மானம் கொடுத்தார்கள். நீதிபதி பி. சுதர்சன் ரெட்டி, நீதிபதி முகுல் முத்கல், மூத்த வழக்கறிஞர் ஃபாலி நாரிமன் மூவரும் விசாரித்தார்கள். ரிசீவராக வாங்கிய பணத்தைக் கையாடியது, அதைப்பற்றி உயர் நீதிமன்றத்திடம் உண்மைக்கு மாறாகச் சொன்னது என்ற இரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபணமானதாக அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள்.

பணம் ‘லின்க்ஸ் இந்தியா’ என்ற நிதி நிறுவனத்தில் போடப்பட்டு, அந்த நிறுவனம் மூழ்கியதால் போய்விட்டது என்ற விளக்கம் உயர் நீதிமன்றத்தில் வைக்கப்பட்டிருந்தது. குழு வங்கி ஏடுகளைப் புரட்டியபோது தெரிந்தது வேறு. லின்க்ஸில் போட்டது செங்கல் பணம் அல்ல. ‘கல்கத்தா ஃபேன்ஸ்’ என்ற மூடிப்போன மின்விசிறி ஆலையின் தொழிலாளர்களுக்குப் பட்டுவாடா செய்வதற்காக இன்னொரு வழக்கில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்த தொகையிலிருந்து எடுத்தது. இந்த வரியை நான் இரண்டு முறை படித்தேன். வேலை போன தொழிலாளியின் பாக்கிச் சம்பளம், ஒரு நிதி நிறுவனத்தில் முதலீடு.

2011 ஆகஸ்ட் 17, 18 தேதிகளில் மாநிலங்களவையில் விவாதம் நடந்தது. சீதாராம் யெச்சூரி தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அருண் ஜேட்லி எதிர்க்கட்சித் தலைவராகப் பேசினார். சௌமித்ர சென் நேரில் வந்து, ஒரு ரூபாய்கூடத் தான் கையாடவில்லை என்று நெடுநேரம் வாதாடினார். 189 பேர் தீர்மானத்தை ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் 20 பேருக்கும் குறைவு. இந்திய வரலாற்றில் ஒரு நீதிபதியை நீக்கும் தீர்மானம் நாடாளுமன்றத்தின் ஓர் அவையில் நிறைவேறியது அதுவே முதல் முறை. முன்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்து பிறகு உச்ச நீதிமன்றம் போன நீதிபதி வி. ராமசாமி மீது 1993 மே மாதம் மக்களவையில் வந்த தீர்மானத்துக்கு 196 பேர் ஆதரவாக வாக்களித்தும், 205 பேர் வாக்களிக்காமல் ஒதுங்கியதால் அது தோற்றது. சென் விஷயத்தில் மக்களவை கூடி முடிவெடுக்கவேண்டிய அவசியம் வரவில்லை. செப்டம்பர் 1 அன்று அவர் ராஜினாமா செய்தார். தீர்மானம் அங்கேயே நின்றது.

வீதியில் அன்று பேசப்பட்டதெல்லாம் ‘நீதிபதி ஊழல்’ என்றுதான். ஆனால் பணம் வெளியேறியது அவர் வழக்கறிஞராக இருந்த காலத்தில். நாம் பார்க்கத் தவறியது இதைத்தான். மாநிலங்களவையும், தலைமை நீதிபதியும், பிரதமரும் கையில் எடுக்கவேண்டி வந்த ஒரு விவகாரத்தை, 1996-ல் ஒரு குமாஸ்தா ஒரு நினைவூட்டுக் கடிதத்தில் முடித்திருக்கலாம்.

செயில் நிறுவனத்தையும் நான் எளிதில் விட மாட்டேன். சட்டப் பிரிவும் தணிக்கைப் பிரிவும் உள்ள பெரிய பொதுத்துறை நிறுவனம். தன் சரக்கை விற்ற பணம் என்ன ஆனது என்று கேட்க அதற்கு ஏன் இத்தனை வருடம்? சொந்தப் பணமாக இருந்தால் மாதம் ஒருமுறை வட்டிக் கணக்குப் பார்ப்போம். ‘கோர்ட்டில் இருக்கிறது, பத்திரமாக இருக்கும்’ என்று கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடும் பழக்கம் நம் நிறுவனங்களுக்கு உண்டு. வக்கீலிடம் விட்டாயிற்று என்பதோடு தங்கள் பொறுப்பு முடிந்ததாக நினைக்கிறார்கள். வழக்கறிஞரின் தவறு பாதி, கேட்காத கட்சிக்காரரின் மௌனம் பாதி.

உத்திரமேரூரில் எழுதிவைத்தது

கணக்குக் கேட்பது என்பது மேல்நாட்டிலிருந்து நமக்கு வந்த சங்கதி அல்ல. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகவே எல்லோரும் சொல்கிறோம். அதில் எனக்குப் பிடித்தது தகுதியின்மைப் பட்டியல். ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவரோடு நிற்கவில்லை சபை. அவருடைய சகோதரன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவு முறை ஒவ்வொன்றையும் சொல்லி அவர்களையும் விலக்கியது.

உறவினரைத் தண்டிப்பது இன்றைய சட்டத்துக்கு ஒவ்வாது. அது வேறு பேச்சு. கவனிக்க வேண்டியது, திருடியவருக்கு ஒரு விதி, கணக்குக் காட்டாதவருக்கு ஒரு விதி என்று அந்தப் பிராமண சபை தனித்தனியாக எழுதியதை. கணக்குக் காட்டாதவர் திருடினாரா என்று விசாரித்து நிரூபிக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. காட்டவில்லை என்பதே போதும். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன் அவர்களுக்குப் பிடிபட்ட இந்த வேறுபாடு, 2003-ல் நீதிபதி நியமனத்தைப் பரிசீலித்தவர்களுக்குப் பிடிபடவில்லை.

போடாத வழக்கு

பெரிய இடத்துக் கதை ஒருபுறம் இருக்கட்டும். தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு சின்ன வழக்கு, சட்ட மாணவர்கள் எல்லோரும் படிப்பது: ரங்கதுரை வழக்கு. காது கேளாத ஒரு முதியவரும் வயதான ஒரு பெண்மணியும் தங்களுக்கு வரவேண்டிய புரோநோட்டுக் கடனை வசூலிக்க ஒரு வழக்கறிஞரை நம்பினார்கள். வழக்குப் போட்டாயிற்று, நடக்கிறது என்றே அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் வழக்கே நடக்கவில்லை. காலவரம்பு கடந்து கடன் காலாவதியாயிற்று.

மாநில பார் கவுன்சில் 6 வருடம் தொழில் செய்யத் தடை போட்டது. அப்பீலில் இந்திய பார் கவுன்சில் அதை 1 வருடமாகக் குறைத்தது. 1978-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் ஒரு புது வழி சொன்னார். சும்மா வீட்டில் உட்காரவைப்பதால் யாருக்கு லாபம்? பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கொடுக்கட்டும். தமிழ்நாட்டில் ஏழைகளுக்கான சட்ட உதவி அமைப்பில் சம்பளமில்லாமல் உழைக்கட்டும். நீதிபதி தேசாயும் அதை ஏற்றார். நீதிபதி ஏ.பி. சென் ஏற்கவில்லை, வழக்கறிஞர் சட்டத்தில் அப்படி ஒரு தண்டனை இல்லை என்றார்.

கிருஷ்ணய்யரின் மனம் எனக்குப் புரிகிறது. அவரை மதிக்காமல் யாரும் சட்டம் பேச முடியாது. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஏ.பி. சென் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஏமாற்றியதாகக் கண்டறியப்பட்டவரிடம், இன்னும் ஏழ்மையான, இன்னும் கேள்வி கேட்கத் தெரியாத கட்சிக்காரர்களை அனுப்பிவைப்பது என்ன பாதுகாப்பு?

கட்சிக்காரர் பணம் பற்றி பார் கவுன்சில் விதிகள் மௌனமாக இல்லை. கட்சிக்காரர் கொடுத்த பணத்துக்கு வழக்கறிஞர் கணக்கு வைக்க வேண்டும். எது ஃபீஸ், எது கோர்ட் செலவு என்று பிரித்து எழுத வேண்டும். கட்சிக்காரர் சார்பாக எங்கிருந்தாவது பணம் வந்தால் கூடிய சீக்கிரம் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜெயித்த தொகையில் பங்கு என்று பேரம் பேசக் கூடாது. எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கை வருடம் ஒருமுறை யாராவது பார்ப்பார்களா? மாட்டார்கள். அதைத் தணிக்கை செய்ய ஓர் ஏற்பாடு 1961 வழக்கறிஞர் சட்டத்தில் இல்லை. புகார் வந்தால்தான் ஏடு திறக்கும்.

புகாரை விசாரிப்பது மாநில பார் கவுன்சிலின் மூன்று பேர் குழு. அதில் இருவர், வழக்கறிஞர்களின் ஓட்டில் ஜெயித்து வந்த கவுன்சில் உறுப்பினர்கள். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்கு மாற்ற வேண்டும் என்று 36-பி பிரிவு சொல்கிறது. கொடுக்கக்கூடிய தண்டனை மூன்றுதான்: கண்டனம், தற்காலிகத் தடை, பெயர் நீக்கம். போன பணத்தை மீட்டுத் தருவது அந்தக் குழுவின் வேலை அல்ல.

வேறு கதவும் இப்போது மூடிவிட்டது. காசோலை வழக்கு ஒன்றில் எதிராளி தன் கட்சிக்காரருக்குக் கொடுக்கச் சொல்லித் தந்த 20,000 ரூபாயையும் 5,000 ரூபாயையும் ஒரு வழக்கறிஞர் கொடுக்காமல் ஃபீஸ் கேட்டு நிறுத்திவைத்ததாக எழுந்த புகார், நுகர்வோர் மன்றத்துக்குப் போனது. படிப்படியாக ஏறிய அந்த வழக்கில், வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்தின்கீழ் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழக்கறிஞர் தொழிலின் சுதந்திரம் என்ற காரணத்தை நான் மறுக்கவில்லை. நாளை அரசுக்கு எதிராக வாதாட அஞ்சாத வழக்கறிஞர் நமக்கு வேண்டும். அப்படியானால் பார் கவுன்சிலின் தோளில் இருக்கும் சுமை இரண்டு மடங்கு ஆகிவிட்டது. அதைச் சுமக்கும் பலம் அதற்கு வந்திருக்கிறதா என்பதுதான் என் கவலை.

பணம் போகிற பாதை

பிற நாடுகள் மனிதர்களின் குணத்தை நம்பி உட்காரவில்லை. பணம் போகிற பாதையையே மாற்றின. பிரான்சில் கட்சிக்காரர் பணம் வழக்கறிஞரின் சொந்தக் கணக்கைத் தொடவே முடியாது. பார் அமைப்பே நடத்தும் ‘கார்ப்பா’ என்ற பொது நிதியத்தின் வழியாகத்தான் போக வேண்டும். 1957-ல் பாரிசில் தொடங்கிய ஏற்பாடு அது. இங்கிலாந்தில் சொலிசிட்டர்கள் கட்சிக்காரர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்தாக வேண்டும்.

சிங்கப்பூரில் நம்மவர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். 2006-ல் ஒரு வழக்கறிஞர், வீடு வாங்கவும் விற்கவும் கட்சிக்காரர்கள் ஒப்படைத்திருந்த ஒரு கோடி வெள்ளிக்கும் மேலான பணத்தோடு நாட்டை விட்டு ஓடினார். ஊரே அதிர்ந்தது. 2011 ஆகஸ்டிலிருந்து, வீட்டு விற்பனைப் பணத்தை வழக்கறிஞர் தன் சாதாரணக் கட்சிக்காரர் கணக்கில் வாங்கவே கூடாது என்று விதி வந்தது. அதற்கென்று அமைந்த தனிக் கணக்கில் போடவேண்டும். எடுப்பதற்கு இருதரப்பும் ஒப்ப வேண்டும்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம்மூர் விபத்து வழக்குகளைப் பாருங்கள். லாரி மோதி மகனை இழந்த தாய்க்கு வந்த இழப்பீட்டில் இடையில் நிற்பவர்கள் பங்கு எடுத்துக்கொண்ட கதை தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் கேட்ட கதை. வெற்றுத் தாளில் கைரேகை வாங்குவார்கள். காசோலை வக்கீல் ஆபீசுக்கு வரும். தாய்க்குக் கிடைப்பது எவ்வளவு என்பது அன்றைய பேச்சைப் பொறுத்தது. இதை உபதேசம் மாற்றவில்லை. காப்பீட்டு நிறுவனம் தீர்ப்பாயத்தின் கணக்குக்கும், அங்கிருந்து நேராகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கும் பணத்தை அனுப்பவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வழிகாட்டியது. 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் அதைச் சொன்னது. தாயின் பாஸ்புக்கில் எண் விழுந்த பிறகு அவள் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறாள் என்பது அவள் கையில் இருக்கிறது. நேர்மையான வழக்கறிஞருக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம்

பாலிகஞ்ச் ரயில் நிலையத்தை ஒட்டி பிஜன் சேது மேம்பாலம் ஏறினால் மறுபுறம் கஸ்பா. அங்கே இருக்கிறது சவுத் கல்கத்தா லா காலேஜ். 2025 ஜூன் 25 அன்று அந்த வளாகத்துக்குள்ளேயே முதலாண்டு மாணவி ஒருவர் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. கைதானவர்களில் முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் கல்லூரியின் பழைய மாணவர், அலிப்பூர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர், கல்லூரியிலேயே தற்காலிக ஊழியர். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. குற்றம் பற்றி முடிவு சொல்ல வேண்டியது அந்த நீதிமன்றம்தான். மேற்கு வங்க பார் கவுன்சில் ஒரு வாரத்துக்குள் அவர் பெயரைத் தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது. கல்லூரியும் அவரை வேலையிலிருந்து நீக்கியது.

இதைப் பணக் கையாடலோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ணவேண்டாம். ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் கொடுமைக்கு முன் லட்சங்கள் தூசு. ஆனால் நிறுவனங்கள் உறங்கும் விதம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த மனிதர்மேல் முன்பே போலீசில் புகார்கள் இருந்ததாக அப்போது செய்திகள் வெளியாயின. அப்படியிருக்க, மாணவிகள் படிக்கிற கல்லூரிக்குள் அவரை வேலைக்கு எடுத்தபோது என்ன பார்த்தார்கள்? வழக்கறிஞராகப் பதிவாகித் தொழில் செய்பவர் அங்கே ஊழியராகவும் எப்படி இருந்தார் என்று யார் கேட்டார்கள்? முழுநேரச் சம்பள வேலையும் வழக்கறிஞர் தொழிலும் ஒன்றாகச் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே இருக்கும்போது, ஒரு சட்டக் கல்லூரிக்குத் தோன்றவேண்டிய முதல் கேள்வி அது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றத்தின் விசாகா தீர்ப்பு வந்தது 1997-ல். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது 2013-ல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு கட்டாயம். பல நிறுவனங்களில் அந்தக் குழு சுவரில் ஒட்டிய ஒரு தாள். சம்பவம் நடந்த பிறகு ஒரு வாரத்தில் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கை முன்னமே காட்டியிருந்தால் என்ற ஏக்கம் அந்தப் பாலத்தில் நடக்கும்போது வருகிறது.

1913-ல் ஒரு வழக்கறிஞர்

ஹாஸ்ரா சாலையில் மேற்கே போனால் ஹாஸ்ரா முனை. அங்கே சித்தரஞ்சன் சேவா சதன் மருத்துவமனை. தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் தானமாகக் கொடுத்த அவருடைய வீடு. அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் அரவிந்தருக்காக வாதாடியவர் என்று நாம் அறிவோம். அந்த விடுதலைக்குப் பிறகுதான் அரவிந்தர் புதுச்சேரிக்கு வந்தார். கல்கத்தா வழக்கறிஞர்களிடம் தாஸைப் பற்றி இன்றும் வழங்கும் பேச்சு வேறு. அவருடைய தந்தை புவன்மோகன் தாஸ் கடனில் மூழ்கி, 1906-ல் தந்தையும் மகனும் திவாலானவர்களாக அறிவிக்கப்பட்டார்கள். அதோடு சட்டப்படி கடன்காரர்களுக்கு வாசல் மூடிவிட்டது. பிறகு தொழிலில் பணம் குவிந்தபோது, கொடுக்க வேண்டிய கட்டாயம் துளியும் இல்லாத அந்தக் கடன்களை 1913-ல் கடன்காரர்களைத் தேடித் தேடி அடைத்து, திவால் உத்தரவை நீக்கச் சொல்லி நீதிமன்றத்தின் முன் நின்றார்.

இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள், இருக்கிறார்கள். ஃபீஸ் வாங்காமல் ஏழைக்காக வாதாடும் பெயர் தெரியாத வழக்கறிஞர்களை நம் மாவட்ட நீதிமன்றங்களில் நானே பார்த்திருக்கிறேன். ஒரு தொழிலில் தாஸைப் போன்றவர் எத்தனை பேர் என்பது நம் கையில் இல்லை. சௌமித்ர சென் போன்றவர்மேல் பார்வை இருக்கிறதா என்பது நம் கையில் இருக்கிறது.

சிறிய மாற்றங்களுக்குப் பெரிய பலன் உண்டு. இன்று எந்த வழக்குப் பதிவானாலும் எழுத்தும் இலக்கமுமாக 16 குறிகள் கொண்ட ஒரு சிஎன்ஆர் எண் அதற்கு விழுகிறது. அந்த எண்ணைக் கைபேசியில் போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது என்று கட்சிக்காரரே பார்க்கலாம். ரங்கதுரை வழக்கின் காது கேளாத பெரியவருக்கு அந்த வசதி இருந்திருந்தால், பேரன் கையிலிருக்கும் போன் ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கும். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போதே அந்த எண் எப்போது கிடைக்கும் என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. ஃபீசுக்கும் கோர்ட் செலவுக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். வழக்கறிஞரை மாற்ற நேர்ந்தால் கேஸ் கட்டை அவர் பிடித்துவைக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். ஃபீஸ் பாக்கி என்றாலும் கட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று 2000-ல் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கிக்கு அவர் தனியாக வழக்குப் போடலாம்.

நீதிமன்றங்கள் செய்யவேண்டியதும் பெரிய வேலை அல்ல. நாளை எந்தக் கோர்ட்டில் எந்த வழக்கு என்ற காஸ் லிஸ்ட்டைக் கல்கத்தாவும் சென்னையும் நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகின்றன. ஆயிரக்கணக்கான வரிகள், பிழையில்லாமல் வருகின்றன. அதன் ஓரத்தில் ரிசீவர்களுக்கு ஒரு பட்டியல் போதும்: வழக்கு எண், ரிசீவர் பெயர், கையில் இருக்கும் தொகை, எந்த வங்கி, கடைசியாகக் கணக்குக் கொடுத்த தேதி. 1983-ஆம் வருடத்தின் 8-ஆம் எண் வழக்குக்கு நேரே அந்தக் கடைசிக் கட்டம் வருடக்கணக்காகக் காலியாகவே கிடந்திருக்கும். பாலிகஞ்சிலோ பவானிபூரிலோ ஏதோ ஒரு வீட்டில் உட்கார்ந்து தன் வழக்கைத் தேடிய ஒருவர், பக்கத்து வரியில் அதைக் கவனித்திருப்பார்.